ஏறிக்கொண்டே போன கோடு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எம்.பி.ஏ. மூன்றாம் பருவத்தில், செயல்திட்டப் பாடத்துக்காக எங்கள் குழு திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சமோசாக் கடையை எடுத்துக்கொண்டது.
2. கடையின் விற்பனை ஏறியது.
3. அது ஏன் ஏறியது என்பதை எங்கள் குழுவில் இருந்த அக்கா கண்டுபிடித்தார்.
4. கண்டுபிடித்ததைக் கடைக்காரரிடம் சொன்னார். பிறகு தேர்வுக் குழுவிடமும் சொன்னார்.
5. நாங்கள் மூன்று பேர் தேறினோம். அக்கா தேறவில்லை.

விற்பனை ஏறியதைக் காட்டும் அந்த வரைபடம் இன்னும் துறையின் தாழ்வாரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நீல நிறக் கோடு ஒன்று இடது மூலையில் படுத்திருந்து, நடுவில் எழுந்து, வலது மூலையில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கீழே 'சிறந்த செயல்திட்டம்' என்ற வாசகம். சென்ற மாதம் வெளித்தேர்வாளராக அழைக்கப்பட்டு அந்தக் கல்லூரிக்குப் போனபோது, அதன் முன்னால் சற்று நேரம் நின்றேன். அதில் உள்ள எண்கள் எதுவும் பொய் இல்லை. அந்தக் காலத்தில் சரிபார்த்தவள் நான்தான். ஒவ்வொரு சமோசாவும் உண்மையாகவே விற்றது.

அந்தப் பருவத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. புதிய பாடத்திட்டத்தில் அதைத்தான் பெரிய மாற்றமாகச் சொன்னார்கள். நான்கு பேர் கொண்ட குழு, ஊரில் ஓர் உண்மையான தொழிலை எடுத்துக்கொண்டு, பருவம் முடிவதற்குள் அதில் ஒரு முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பாதி மதிப்பெண் தேர்வுக் குழுவின் கையில். மீதிப் பாதியைக் குழுவினர் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பாதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒற்றுமையாக வேலை செய்யக் கற்றுக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு என்று துறைத் தலைவர் வகுப்பில் விளக்கியது நினைவிருக்கிறது.

அக்கா எங்களைவிடப் பல வயது மூத்தவர். சேவுகம்பட்டியில் பூவும் தென்னையும் போட்ட குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடம் போகும் மகள் உண்டு. பட்டத்தோடு வந்தால் மேலாளர் வேலை தருவதாக வத்தலக்குண்டுப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு வருடம் அனுமதித்திருந்தார்கள், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்ற பேச்சோடு. மடியில் பையை வைத்துப் பேருந்திலேயே படித்துவிட்டு வருவார். வகுப்புக்கு வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வரிசையில் ஓரமாக உட்காருவார்.

கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அவர் மனைவியும் மட்டும் நடத்திய சின்னக் கடை. எங்கள் குழுத் தலைவன் கைப்பேசி வழியாக ஆர்டர் வாங்கும் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தான். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான். மற்ற குழுக்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தன. ஒரு குழு ஊறுகாய், ஒரு குழு சுங்குடிச் சேலை, ஒரு குழு செடி நாற்று. ஊறுகாய்க் குழு உடனே பதில் போட்டது: "நீங்க எங்க ஊறுகாய வாங்குங்க, நாங்க உங்க சமோசாவ வாங்குறோம்." யாரும் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. நண்பர்களுக்குச் செய்யும் உதவி என்றுதான் நினைத்தோம். விடுதிப் பெண்கள் வாங்கினார்கள், ஆசிரியர் குடியிருப்பில் வாங்கினார்கள். கோடு எழுந்தது.

ஒரு மாலை பாயின் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. பொட்டலங்களைக் கொடுத்துவர அக்காவும் நானும் என் ஸ்கூட்டரில் போனோம். முதல் பொட்டலம் எங்கள் கல்லூரி மகளிர் விடுதிக்கு. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு திரும்பவும் வாசலுக்குப் போனபோது காவலாளி சிரித்தார். "ஏம்மா, இம்புட்டுப் பெரிய திண்டுக்கல்லுல வேற வீடே இல்லையா ஒங்களுக்கு?"

அக்கா சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் பின்னால் இருந்து ஒன்று மட்டும் கேட்டார். "லீவு விட்டா இந்தப் புள்ளைகள்லாம் ஊருக்குப் போயிரும்ல?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் பாய், பெரிய சாலையில் ஒரு புது இடம் பார்த்திருந்தார். எங்கள் அறிக்கையின் கடைசி அத்தியாயம் விரிவாக்கம். அதை அவர் எங்களைவிட ஆழமாக நம்பினார். பழைய கடையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் பேசத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் கல்லூரி உணவகத்தில் அக்கா எங்களிடம் பேசினார். தலைவன் காதில் வாங்கவில்லை.

"அக்கா, வைவா முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள அவரு கடையக் காலி பண்ணிருவாரு அப்பு."

"நீங்க எம்.பி.ஏ. படிக்க வந்தீங்களா, சேவை செய்ய வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதான்டா வருது எங்க ஊருக்கு."

அன்று மாலையே போனார். நானும் கூடப் போனேன். பாய் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றிருந்தார். அக்கா விளக்கமாகச் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பிறகு அடுப்பைக் குறைத்தார்.

"அப்ப வாங்குனது வெளியாளு இல்லையாம்மா?"

"இல்ல பாய். எல்லாம் நாங்களேதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "செத்த நேரம் இருங்க" என்று சொல்லி, இரண்டு தட்டில் சமோசா வைத்துக் கொடுத்தார். அதைத் தின்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே புது இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

வைவாவில் தலைவன் வரைபடத்தைக் காட்டினான். கைதட்டினார்கள். விரிவாக்கம் எப்போது என்று ஒருவர் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்து, இது சந்தை இல்லை, எங்கள் வகுப்பு என்றார். அந்தப் பருவத்தில் எல்லாக் குழுக்களுக்கும் அப்படி ஒரு கோடு இருந்தது. ஒன்றை விசாரித்தால் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டியிருக்கும். துறைத் தலைவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "டீமுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியத இங்க கொண்டு வரக் கூடாதும்மா." தேர்வுக் குழு நான்கு பேருக்கும் நல்ல மதிப்பெண் போட்டது.

மற்றொரு பாதி எங்கள் கையில் இருந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ரகசியம் என்றார்கள். மூன்று பேர் போட்டதன் சராசரியில் ரகசியம் எங்கே இருக்கிறது? நான் அக்காவுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பாதியில் அக்கா தேறவில்லை என்று முடிவு வந்த அன்று, மற்ற இருவரும் என்ன போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு இளையவர்களோடு ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து, வேறொரு குழுவில் சேர்ந்து, அந்தப் பாடத்தை மறுபடி முடிக்க வேண்டும். அக்கா துறை அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். "வீட்டுல விட மாட்டாங்க" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ போட்டத நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். அவ்வளவுதான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

சென்ற மாதம் தேர்வாளர் நாற்காலியில் நான் இருந்தபோது, ஒரு குழு சிறுதானிய மாவின் விற்பனையைக் காட்டியது. கோடு அழகாக ஏறியது. "இதை யார் வாங்குறாங்க?" என்று கேட்டேன். "கஸ்டமர்ஸ் மேம்" என்றாள் அந்தப் பெண். "எந்தக் கஸ்டமர்ஸ்?" அவள் திரும்பி, அடுத்து வரக் காத்திருந்த குழுவைப் பார்த்தாள். அவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த துறைத் தலைவர், நேரமாகிறது, மதிய உணவுக்குள் முடிக்க வேண்டும் என்றார். என் குறிப்பை எழுதிக் கொடுத்தேன். அதை மதிப்பெண்ணோடு சேர்க்க இடம் இல்லை என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் அந்தச் சட்டத்தை இன்னொரு முறை பார்த்தேன். இன்றைய நிலை இதுதான். பாயின் கடை பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே இருக்கிறது. அக்கா அதே எண்ணெய் ஆலையில் பில் போடும் வேலையில் இருக்கிறார். மேலாளர் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். வரைபடத்தின் கீழே நான்கு பெயர்கள் இருக்கின்றன. அக்காவின் பெயரும் அதில் உண்டு. யாரும் எடுக்கவில்லை.