கிரீஸ் அம்மா

எந்த மூலக்கூறு எந்த ஒளியை விழுங்குகிறது என்று அளந்தே முப்பத்தோரு வருடம் ஓட்டிய பேராசிரியைக்கு அன்று வழியனுப்பு விழா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறமாலையில் தெரிந்த ஒரு குட்டிக் கோட்டைப் புது மூலக்கூறு என்று அடித்துச் சொல்லி, ஓர் ஆய்விதழிலும் அச்சேற்றிவிட்டாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அது கண்ணாடிக் குழாயின் திருகில் தடவிய கிரீஸ்!

"யாருக்கும் தெரியாதும்மா, கமுக்கமா இருந்துடு" என்றார் துறைத்தலைவர்.

"எனக்குத் தெரியுமே சார்."

தப்பு தன்னுடையதுதான் என்று இரண்டு பக்கம் எழுதி அதே இதழுக்கு அனுப்பினாள். துறையே சிரித்தது. 'கிரீஸ் அம்மா' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை அளந்தும் அது மட்டும் போகவில்லை.

விழாவில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "நம்ம கிரீஸ் அம்மா..." என்றதுமே அவள் முகம் சுண்டியது.

"யார் அளந்து சொன்னாலும் நாங்க இன்னொரு தடவை அளந்து பார்ப்போம். கிரீஸ் அம்மா அளந்ததை மட்டும் அப்படியே எடுத்துக்குவோம். தப்புன்னா அவங்களே முதல்ல சொல்லிடுவாங்க."

இத்தனை வருடம் அந்தப் பெயரைச் சொன்னவர்கள்மேல் எரிந்து விழுந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார், பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."