மன்னி பைஸ்டாண்டராக வந்த நாள்

சக்கை வரட்டி கிண்டும்போது வரும் அந்த வாசனை... வெல்லமும் நெய்யும் பலாப்பழமும் சேர்ந்து சுண்டி, கரமனையில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியும் மணக்கும். அன்று மாமியார் உருளியை அடுப்பில் ஏற்றியிருந்தார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டாவது மாதம். ஆயிற்று, பதினெட்டு வருஷம்.

எழுந்தபோது நைட்டி நனைந்திருந்தது. பாத்ரூமில் போய்ப் பார்த்தால் ரத்தம். நல்ல சிவப்பு. வலி மட்டும் துளிகூட இல்லை.

நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டு பட்டாலும் வலிக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்று ஸ்கேன் பார்த்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அடுக்களைக்குத் திரும்பி மாமியாரிடம்தான் சொன்னேன். கணவர் கொல்லத்தில் வேலையில். மூத்த பெண் ஸ்கூலில்.

மாமியார் கெட்டவர் இல்லை. வலிதான் இல்லையே, கொஞ்சம் காலை உயர்த்தி வைத்துப் படு, அவன் வரட்டும் என்றார். எனக்கும் படுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அப்போது மன்னி உள்ளே வந்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணா மஸ்கட்டில் இருந்தார்; மன்னி எங்களோடு அதே வீட்டில். அவளுக்கு இரண்டு முறை கலைந்து போயிருந்தது. நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்... சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது தடவை கலைந்தபோது நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் மன்னி அடுக்களையில் நின்று தோசை வார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். தட்டை நீட்டினேன், சாப்பிட்டேன், ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மன்னி என் நைட்டியைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னேள் அம்மா. நானும் படுத்துண்டேன்."

குரலை உயர்த்தவில்லை. மாமியார் அடுப்பை அணைத்தார்.

கிள்ளிப்பாலம் சிக்னலில் ஆட்டோ நின்ற அந்த நேரம் எனக்கு ஒரு யுகம். மன்னி என் கையை விடவே இல்லை. "அசையறதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அசையறது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒரு தடவை பொய்யும் சொன்னேன்... எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர் யார் என்று கேட்டார்கள். நோயாளிக்குத் துணையாக நிற்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான்தான் என்றாள் மன்னி. குழந்தையின் துடிப்பு இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தக் குழந்தையோடு நிறுத்திவிடுவது என்று நானும் கணவரும் டாக்டரிடம் முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆண் குழந்தை வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. தியேட்டருக்குக் கொண்டு போகும் முன் நர்ஸ் இரண்டு ஃபாரம் கொண்டுவந்தாள். ஒன்று சிசேரியனுக்கு. இன்னொன்று அப்போதே கருக்குழாயைக் கட்டுவதற்கு. ஃபாரம் செருகிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது மன்னி.

முதல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதில் பேனா ஓடவில்லை. ஒன்றாவது தங்காதா என்று ஏங்கியவள் எதிரே நின்று, எனக்கு இனி வேண்டாம் என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

மன்னிக்குப் புரிந்துவிட்டது.

"என்னை நெனைச்சுண்டு தயங்காதே லலிதா. உன் ஒடம்பு. உனக்குப் போறும்னா போறும். ஒப்பு போடு, கேட்டோ?"

போட்டேன்.

எனக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம். அதற்கு ஈடாக பிளட் பேங்கில் முதலில் கையை நீட்டிப் படுத்தவள் மன்னிதான் என்று பிறகு கணவர் சொன்னார். அவர் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அவளை முதலில் பார்த்ததும் மன்னிதான். நிறுத்திக்கொண்ட விஷயம் தெரிந்ததும் மாமியார் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் குழந்தையைக் குளிப்பாட்ட அவரேதான் வந்தார்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பெண் லீவு முடிந்து வந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். லஞ்ச் டேபிளில் அவளாகவே சொன்னாள், நாலாம் மாதம் போய்விட்டது என்று. பக்கத்தில் இருந்தவள் சோற்றுக் கையோடு அவளை அணைத்துக்கொண்டாள். இப்போது எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆண்களும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் அழுதாள், பிறகு சாப்பிட்டாள்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் "ஒடம்பு சரியில்லே" என்ற ஒரே பேர்தான்.

அன்று சாயங்காலம் மன்னிக்கு போன் செய்தேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. வாரா வாரம் பேசுகிறோம். என் பெண்களின் படிப்பு, முட்டுவலி, சீரியல், எல்லாம் பேசுவோம். இதை மட்டும் பேசியதில்லை. அந்த ரெண்டு தடவையும் எப்படி இருந்தது மன்னி என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் டி.வி.யை அணைக்கும் சத்தம் கேட்டது. 

"மூத்ததுக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன்," என்றாள்.

சொல்லுங்கோ மன்னி என்றேன்.

சொன்னாள்.