சைக்கிளுக்கு முன்னால் போகிற வான்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ, வான் எஞ்சினோடு கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. சைக்கிள் ஓடுகிற ஆட்களுக்கு முன்னால் வான் ஓடுகிற தொழிலுக்கு ஒரே விதிதான்: எல்லாரும் வந்து சேருகிற இடத்துக்கு நீ முதலில் வந்து சேரவேண்டும், அவர்கள் வந்து இளைப்பாறத் தொடங்கியதும் நீ முதலில் புறப்படவேண்டும். பார்சல் கொண்டு ஓடுகிறவர்கள், டாக்சி ஓடுகிறவர்கள், தேத்தண்ணியை நின்றபடி குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் என் பாடு விளங்கும்.

நான் இருபத்து நான்கு வருசம் ஹோட்டல் குசினியில் சமையலுக்கு நின்றவன். எனக்கு அறுபத்தொரு வயதில் அந்தக் குசினியை மூடினார்கள். வீட்டில் இருந்தேன் என்று சொல்லமுடியாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். என் மனிசி சொன்னா, "இஞ்சேருங்கோ, நிலம் தேயுது. ஒரு வேலையைத் தேடுங்கோ." அப்போதுதான் ஊர்ஸ் என்கிற சுவிஸ்காரர் அகப்பட்டார். சனத்தைச் சேர்த்து ஆற்றோரமும் மலையடியும் கிரவல் சைக்கிள் ஓடக் கூட்டிப்போகிற முதலாளி. எங்கள் பக்கத்தில் சரளைக்கல் கிடக்கிற கிரவல் றோட்டு என்றால் தார் போடச் சொல்லி மனுக் கொடுப்பார்கள். இங்கே சுவிஸில் தார் றோட்டை விட்டுவிட்டுக் கிரவலைத் தேடி ஓடுகிறார்கள். எனக்கென்ன, பெட்டிகளையும் தண்ணீரையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பதுதான் வேலை. ஊர்ஸ் மூன்று மாதம் பார்க்கிறேன் என்றார். பெருவிரலிலிருந்து மூன்று விரலை நிமிர்த்திக் காட்டி, மூன்று பெரிய பிழை விட்டால் சரிவராது என்றும் சொன்னார். அந்த வயதில் அவரும் விட்டால் எனக்குத் திரும்ப ஜன்னலும் கதவும்தான்.

கீஸும் கேஸும்

சுவிஸ் ஜெர்மனில் கிரவலுக்குக் கீஸ், சீஸுக்குக் கேஸ். இரண்டையும் இந்த ஊர்ச்சனம் தொண்டையைக் காறித்தான் சொல்லும்; நடுவில் உள்ள எழுத்து காற்றோடு போய்விடும். முதல் கிழமை என்ட்லெபூக் பக்கம் ஓட்டம். ஊர்ஸ் போனில், "பதினொரு மணிக்குக் கீஸ் எடுக்கிற இடத்திலை நில்" என்றார். நான் பத்தரைக்கே ஒரு சீஸ் பட்டறை வாசலில் போய் நின்றேன். சீஸ் செய்கிற மனிசன் நல்லவர். நான் வாங்க வந்த கடைக்காரன் என்று நினைத்து ஒவ்வொரு துண்டாக வெட்டித் தந்தார். எட்டாவது துண்டு வாய்க்குள் இருக்கும்போது போன் அடித்தது.

நாலு கிலோமீற்றர் தள்ளி ஆற்றோரக் கிரவல் கிடங்கில், நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, ஒன்பது பேர் நிற்கிறார்கள். நான் போய் இறங்கியதும் ஊர்ஸ் பெருவிரலை நிமிர்த்தினார், பிழை ஒன்று. எங்களோடு துஷி என்றொரு பிள்ளை, இங்கேயே ஓர்லிகோனில் பிறந்து வளர்ந்தவள், வழிகாட்டியாக சைக்கிளில் முன்னால் ஓடுகிறவள். அவள்தான் தண்ணீர்ப் போத்தலை இறக்கியபடி காதுக்குள் சொன்னாள்: "மாமா, கேஸுக்குள்ளை ஓட்டை இருக்கும், ஓட்டைக்குள்ளை கீஸ் இருக்கும். இதைப் பாடமாக்கி வையுங்கோ."

பாரம்

பேர்னிலிருந்து ஒரு பல்வைத்தியர் வந்தார். சைக்கிளில் பாரம் கூடக்கூடாது என்று மணியைக் கழற்றினவர், போத்தல் மூடியைக் கழற்றினவர், மீசையையும் எடுத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவருடைய பெட்டியைத் தூக்கினேன். குசினியில் ஐம்பது கிலோ உருளைக்கிழங்குச் சாக்குத் தூக்கின முதுகு அது. அதுவே "ஐயோ" என்றது.

மூன்று மாடி ஹோட்டல், லிப்ட் இல்லை. மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பொறுக்காமல் கேட்டேன்: "ஐயா, சைக்கிளிலை கிராம் பாக்கிறியள், இதிலை ஏன் பாக்கேல்லை?" மனிசன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சைக்கிளை நானெல்லோ தள்ளுறன்," என்றார், "பெட்டியை நீரெல்லோ தூக்கிறீர்."

தலையாட்டல்

முன் ரைன் என்கிற ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கில், கீழ்ப்பாதையில் மண் சரிந்திருக்கலாம் என்று காலையில் கதை அடிபட்டது. நான் முதலில் போய்ப் பார்த்தேன். பாதை சுத்தமாக இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வானோடு நிற்கிறேன். அந்தப் பக்கம் பாதை பிரிகிற இடத்தில் கூட்டம் வந்து நிற்கிறது. ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்காது, போனும் எடுக்காது. அன்றைக்குத் துஷிக்கு லீவு, ஊர்ஸ்தான் முன்னுக்கு. கையை நீட்டிக் கீழ்ப்பாதையைக் காட்டினார், போகலாமோ என்ற மாதிரி. நான் தலையை நல்லாய் ஆட்டினேன். எப்படி ஆட்டுவோம், இப்படித்தானே, ஒரு தோளுக்கும் மற்றத் தோளுக்கும், ஓம் ஓம், வடிவாய்ப் போகலாம் என்று.

கூட்டம் அப்படியே திரும்பி மலைக்கு மேலே ஏறத் தொடங்கியது. ஹோர்ன் அடித்தேன். கை காட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு மணித்தியாலம் நான் வானைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இறங்கி வந்தபோது ஊர்ஸின் முகம் தக்காளி. திறந்து கிடக்கிற பாதையைக் கண்ணால் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சிவா, உன்ரை தலை ஓமெண்டுதோ இல்லையெண்டுதோ எனக்குத் தெரியாது," என்றார், "என்ரை விரல் ரெண்டெண்டுது."

வடிவான இடம்

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை குறைந்தது. ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனவன் இரண்டு மணித்தியாலம் முன்னுக்குப் போகத் தொடங்கினேன். கையில் வான் ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பு, காலில் சப்பாத்து, சாப்பாடு வாயில் பாதி. பின்னேரம் வாடிக்கையாளர்கள் போனில் படம் காட்டுவார்கள்: பச்சைத் தண்ணீர், தொங்குபாலம், மரத்துக்குள்ளால் விழுகிற வெயில். "நாங்கள் போன இடமோ இது?" என்று கேட்பேன். நான் போனது மலைக்கு மற்றப் பக்கத்தால், தார் றோட்டில், லொறிக்குப் பின்னால்.

ஒரு கணவாயில் தபால் பஸ் ஓடுகிற ஒரு சுவிஸ்காரர் எனக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அவருக்கும் ஆறு நிமிசம்தான் ஓய்வு. ஒரு நாள் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வந்து, இந்த நாட்டில் எந்த மலை பார்க்க வடிவு என்று எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டாள். அவர் கோப்பியை ஒரே மிடறில் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறினபடி சொன்னார்: "பிள்ளை, எங்களுக்கு மலை எண்டது கியர் மாத்திற இடம்."

எல்ஸ்பெத்தின் வயல்

மூன்று மாதத்தில் கடைசிக் கிழமை, தூர் ஆற்றுப் பக்கம். ஒடுங்கின பாதையில் எதிரே பால் லொறி வந்தது. நான் மரியாதைக்கு ஒதுங்கி, பக்கத்து வயலின் வாசல் படலைக்குள் வானைப் பின்னால் விட்டேன். வாய்க்கால் தண்ணீர் ஊறி அந்த இடத்தில் மண் இளகிக் கிடந்தது. பின்சில்லு இறங்கினது இறங்கினதுதான். மிதிக்க மிதிக்க வான் நிலத்துக்குள் குடிபோனது.

அப்போது ட்ரக்டரில் வந்தா எல்ஸ்பெத் என்கிற, அந்த வயலுக்குச் சொந்தக்காரியான கமக்காரப் பெண். வெட்டிக் காயவிட்ட புல் வயல் முழுக்கக் கிடக்கிறது. அதை அள்ளுகிற வண்டி உள்ளே போக இருக்கிற ஒரே படலையில் என் வான். மலைக்கு மேலே முகில் கறுத்துக்கொண்டு வருகிறது. அவ வானத்தைப் பார்த்தா, சில்லைப் பார்த்தா. "இந்தப் புல்லு நனைஞ்சால்," என்றா, "பனிக்காலத்துக்கு என்ரை மாடு உன்ரை வானைத்தான் தின்னவேணும்." எனக்கு அவவின் மாடும் தெரிந்தது, என் வீட்டு ஜன்னலும் தெரிந்தது.

துஷி பன்னிரண்டு பேரோடு வந்து சேர்ந்தாள். ஊர்ஸ் பின்னால், ஒருவரின் சில்லுக்குக் காற்றுப் போனதால் அரை மணித்தியாலம் பிந்தி வருகிறார். பிள்ளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மாமா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. தலையையும் ஆட்டாதேங்கோ." பன்னிரண்டு பேரையும் தள்ளவைத்து வானை வெளியில் எடுத்தாள். பிறகு எல்ஸ்பெத்திடம் ஏதோ கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாய், "அடுத்தது புல்லு வாருறது. ஆனால் புல்வாரி ஏழுதான் இருக்கு. முந்தி எடுக்கிறவைக்குத்தான்!" என்றாள். நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒன்று நான் கண்டதே இல்லை. வங்கிக்காரர், வக்கீல், கணக்கு வாத்தியார் எல்லாரும் இரும்பு வைத்த சைக்கிள் சப்பாத்தோடு ஓடினார்கள். ஆறு பேருக்குக் கிடைத்தது. ஏழாவதைத் துஷி தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கிடைக்காதவர்கள் கையால் அள்ளினார்கள். நானும் அள்ளினேன். மழைக்கு முதல் வயல் பாதி வெறுமையாகிவிட்டது.

அந்த நேரம் ஊர்ஸ் வந்து இறங்கினார். சேறு பூசின வாடிக்கையாளர்களைப் பார்த்தார். படலையில் இரண்டு பெரிய சில்லுத் தடத்தைப் பார்த்தார். மனிசன் முட்டாள் இல்லை, எல்லாம் விளங்கிவிட்டது. கையை மெல்லத் தூக்கினார். பெருவிரல் நிமிர்ந்தது, சுட்டுவிரல் நிமிர்ந்தது. எல்ஸ்பெத் வண்டிக்கு மேலே நின்றபடி கூப்பிட்டா: "நீரோ முதலாளி? அடுத்த கிழமை எனக்கு மேல் வயலும் இருக்கு, இந்த ஆளையே அனுப்பும். ஆனால் வானை றோட்டிலை விடச் சொல்லும்!"

நான் இன்றைக்கு ஏழாவது கோடையாகவும் இந்த வானை ஓடுகிறேன் என்றால் அது என் கெட்டித்தனத்தால் இல்லை, ஊர்ஸின் மூன்றாவது விரல் நிமிருமுன் அந்தக் கைக்குள் துஷி ஏழாவது புல்வாரியைச் செருகிவிட்டதால்தான்.