திசை இல்லாத சிக்னல்

பெனிஷா சிலி நாட்டுக்குப் புறப்பட்டது 2023-ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று. காலைப் பூசையில் நெற்றியில் இட்ட சாம்பலைக்கூட அழிக்காமல் ஆட்டோவில் ஏறினாள். அவளுடைய அப்பா ராயப்பன் வழியனுப்ப நிற்கவில்லை. வானகரத்தில் ஒரு வீட்டுக்கு டிஷ் மாட்ட வேண்டும் என்று விடியுமுன்னே ஏணியோடு கிளம்பிவிட்டார்.

நெமிலிச்சேரியிலிருந்து திருநின்றவூர் வரை அவரை டிஷ் ராயப்பன் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாக மொட்டைமாடிகளில் நின்று, தெற்கு வானத்தைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பி, திரையில் புள்ளி புள்ளியாகப் பொரியும் இரைச்சலை விலக்கிப் படத்தை வரவழைத்தவர். மகளோ அந்த இரைச்சலைத்தான் ஆராயப் போகிறேன் என்றாள். "இன்னாத்துக்கு அங்க போற? இரைச்சலு இங்க இல்லியா?" என்று முந்தின நாள் கேட்டுவிட்டார். அதோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறுதோறும் அம்மா ஜெயசீலிக்கு மட்டும் போன் வரும். ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் ராயப்பன் பக்கத்திலேயே நிற்பார். போன் அவர் கைக்கு வந்ததில்லை, அவரும் கேட்டதில்லை. காதில் விழுந்த வரைக்கும் அவருக்குப் புரிந்தது இது: பிரபஞ்சம் பிறந்த புதிதில் நெருப்பாய்க் கொதித்ததாம். அந்தக் கொதிப்பின் வெளிச்சம் ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி வருஷமாகப் பயணப்பட்டு, ஆறிப்போய், கண்ணுக்குத் தெரியாத அலையாக இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். பாலைவன மலைமேல் அவள் பிடிப்பது அதைத்தான்.

வருகிறது என்றால் ஏதோ ஒரு திசையிலிருந்துதானே வரவேண்டும்? அவர் தொழிலில் அப்படித்தான். ஒரு ஞாயிறு மதியம் மாடியேறி, சிக்னல் அளக்கும் மீட்டரைச் சொருகி, டிஷ்ஷை இம்மி இம்மியாகத் திருப்பினார். தெற்கில் வழக்கமான சாட்டிலைட்டுகளுக்கு மீட்டர் எகிறியது. மற்ற வானம் முழுக்க ஒரே அளவு.

"இன்னா அண்ணாத்தே, ஏசப்பாவுக்கே சிக்னல் தேடிகினு கீறியா?" என்றான் பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த கிருபாகரன்.

ராயப்பன் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

"பாப்பா, எந்தப் பக்கம் வெச்சாலும் ஒரே மாதிரிதான் கீது. அது எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு. நான் அந்தப் பக்கம் திருப்பி வெக்கிறேன்."

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, அடுத்த சாம்பல் புதனும் போயிற்று. எந்த வீட்டு மாடி ஏறினாலும் முதலில் போனைத்தான் எடுத்துப் பார்த்தார்.

ஈஸ்டர் வாரத்தில் அது வந்தது.

"அப்பா, உன் மீட்டர்ல தெரிஞ்சது முக்கால்வாசிக்கு மேல அந்த டிஷ்ஷு, மீட்டரோட சொந்த சூடு கெளப்புற இரைச்சல்தான். ஆனா நீ கேட்டது சரியான கேள்வி. இங்கயும் எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரிதான் வருது. லட்சத்துல ஒரு பங்குதான் வித்தியாசம். அது ஒரு மூலைலேர்ந்து கிளம்பலப்பா. ஆரம்பத்துல எல்லா இடமும் அந்த சூட்டுக்குள்ளதான் இருந்துச்சு, நம்ம ஊட்டு மாடி இருக்கிற இடமும். இத உன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம எட்டு மாசம் ஓட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்ற போன நீ எடு."