வசனமும் குரலும்: ஷோனா டூதி

ஷோனா டூதி உட்கார மாட்டாள். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகும் உட்காரவில்லை. வாரத்தில் மூன்று காலை அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக நான் அவள் வீட்டுக்குப் போகிறேன்; என் பெயர் நெட்டா. சாவியைப் போடும்போதே உள்ளே கைத்தடி தட்டும் சத்தம் கேட்கும். ஜன்னலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஜன்னல். ஹில்டவுன் மேட்டில் பேருந்துகள் திணறி ஏறுவது அந்த ஜன்னலில் தெரியும். வண்டி தாமதமாக வந்தால் ஓட்டுநரை முறைப்பாள். நேரத்துக்கு முன்னால் வந்தால் இன்னும் மோசமாக முறைப்பாள்.

ஸ்காட்லாந்தில் இந்த டண்டீ நகரத்துப் பேருந்தை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவள். கல்யாணம் செய்துகொண்டாள், சரிப்படவில்லை, விட்டுவிட்டாள். பணிமனை கேன்டீனில், இறைச்சியை மாவில் மடித்துச் சுட்ட பிரைடி தின்றுகொண்டிருந்தபோது கை தொங்கிவிட்டது. அப்போது ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்துவிட்டு, படியேற வேண்டாத இந்தத் தரைத்தளத்து வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கு எல்லாம் புரியும். சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வராது. ஆனால் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனது மட்டும் தானாகத் தெறித்து வரும். வேண்டும்போது வராது, வரும்போது அடக்கவும் முடியாது. ஷோனாவுக்கு மிஞ்சியது பேருந்தில் கத்தியவை. "உள்ள நகருங்க!" ஒன்று. "சில்லறை சரியா வைங்க!" இன்னொன்று. பிறகு சில வசவுகள். டீ வேண்டுமென்றாலும் "உள்ள நகருங்க", கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் "உள்ள நகருங்க". 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் அவள் வாயில் இடம் மாறிவிடும். அதனால் நாங்கள் இடதுகைக் கட்டைவிரலை நம்பினோம். மேலே என்றால் சரி. கீழே என்றால் கூடாது.

அவளுக்கு ஓர் அண்ணன், ஃபிரேசர். அவனும் உட்காராத ஜாதிதான். அவன் கை போன் திரையிலேயே இருக்கும். பதினாறு வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், இந்த ஊர்த் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டிச் செய்த சின்னக் கணினி ஒன்றில் 'ஆலைச் சங்கு' என்று ஒரு விளையாட்டை அவன் செய்தான். கணினி வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் அம்மா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அந்தத் தெருவில் பாதி வீட்டில் ஒன்று இருந்தது.

விளையாட்டு இதுதான்: சணல் ஆலையின் நிலவறையில் மாட்டிக்கொண்ட ஒருவன், சங்கு ஊதுவதற்குள் எலிகளையும் உடைந்த ஏணிகளையும் தாண்டி வாசலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவை விழுந்து சாகும்போதும், தகர டப்பாவுக்குள்ளிருந்து கத்துவதுபோல ஒரு சிறுமிப் பேய், "போச்சு! மறுபடியும் போச்சு!" என்று கெக்கலிக்கும். கேசட்டில் விற்றது. எங்கெங்கோ இருந்த பையன்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தார்கள். குரல் ஷோனாவுடையது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

போன வருடம் ஃபிரேசர் அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்யக் கிளம்பினான். இப்போது இதற்கெல்லாம் முதலாளி வேண்டாம். இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, இன்ன தொகை சேர்ந்தால் செய்து தருகிறேன் என்று அறிவித்தால், பழைய பையன்கள் முன்கூட்டியே பணம் எழுதி வைப்பார்கள். ஒரு மாதத்துக்குள் தொகை சேராவிட்டால் யாரும் காசு தர வேண்டியதில்லை. சேர்ந்துவிட்டால், இன்னும் இவ்வளவு வந்தால் இன்னதும் தருகிறேன் என்று மேலே மேலே கோடு போடுவார்கள். ஃபிரேசருக்குக் கோடு போடும் வேலை மிகவும் பிடித்துப்போனது.

ஒரு காலை சூடான பிரைடிகளோடு வந்து நின்றான். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தொகை சேந்துடுச்சு ஷோனா! பிரேசில்ல இருந்தெல்லாம் போடுறானுங்க! அதனால மேல ரெண்டு கோடு போட்டேன். மொதக் கோட்டைத் தாண்டினா துணியில அச்சடிச்ச வரைபடம். ரெண்டாவதைத் தாண்டினா..." பிரைடியைப் பிய்க்கத் தொடங்கினான்.

"தாண்டினா?" என்றேன்.

"பழைய குரல் திரும்ப வரும். அதே ஆளு. புதுசா இருபது வசனம்."

"அந்த ஆளைக் கேட்டியா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அறிவிச்சது எப்ப?"

"நேத்து." ஒரு துண்டை என் பக்கம் நீட்டினான். "ஆனா நெட்டா, விடியறதுக்குள்ள கோடு தாண்டிருச்சு!"

ஷோனா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "தடிமாடு," என்றாள், மணி அடித்ததுபோல.

"இது சம்மதமா?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"இது உன்னைப் பத்தி. சம்மதம்னா விரல்ல வரும்."

விரல் வரவில்லை. அவள் தடியை ஊன்றிப் போய், மேசை இழுப்பறையைத் துழாவி, பழைய கேசட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அட்டையில் 'ஆலைச் சங்கு. எழுதி உருவாக்கியவர்: ஃபிரேசர் டூதி' என்றிருந்தது. அவள் அந்தப் பெயரைத் தட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தட்டினாள்.

"ஆமா! நம்ம கேசட்டு! எப்படிப்பட்ட காலம் இல்ல?"

"அவ பேரு எங்கன்னு கேக்குறா," என்றேன்.

"அட, போடலாம், போடலாம். மொதல்ல குரல் வரட்டும்."

அப்போதுதான் கட்டைவிரல் மேலே போனது. அன்றிலிருந்து விஷயம் இதுதான்: குரல் வந்தால் பெயர் வரும். வராவிட்டால், எதற்கும் லாயக்கில்லாத தங்கை என்று அண்ணன் வாயில் சொல்ல மாட்டான், ஆனால் அதுதான் மிஞ்சும்.

குரல் வரவில்லை. இருபது வசனங்களையும் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதினோம். பேச்சுப் பயிற்சிக்காரர்கள் செய்வதுபோல மேசையில் தாளம் தட்டிச் சொல்ல வைப்பது என்னுடைய யோசனை. ராகம் போட்டும் பார்த்தேன். "கொதிகலன் சூடேறுது" என்ற அட்டையைக் காட்டினால் அவள் உதடு கூடும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் "சில்லறை சரியா வைங்க!" என்று வெடிக்கும். சிரிப்பு வரக்கூடிய விஷயம்தான். அவள் முகத்தைப் பார்த்தால் வராது. ஒரு வாரம் போனதும், அட்டைக்கட்டைப் பார்த்தவுடனே வேறு அறைக்குப் போய்விட்டாள். என் யோசனை அவளை மோசமாக்கியிருந்தது. அட்டைகளைக் குப்பையில் போட்டேன்.

பணம் எழுதியவர்கள் சும்மா இருக்கவில்லை. குரலின் மாதிரி எங்கே, எப்போது கேட்கலாம் என்று பக்கத்தில் கேள்வியாகக் குவிந்தது. ஃபிரேசர் போனைப் பார்ப்பான், பையில் போடுவான், மறுபடி எடுப்பான்.

"ஒரு வழி இருக்கு," என்றான் ஒரு நாள். "பழைய கேசட்டுக் குரலைக் கம்ப்யூட்டருக்குப் போட்டா, அதே சின்னப் பொண்ணு குரல்ல அதுவே இருபதையும் பேசிடும். ஒரு பயலுக்கும் தெரியாது."

"பேரு?"

"குரல் அவளோடதுன்னும் சொல்லலாம். கம்ப்யூட்டரோடதுன்னும்..."

ஷோனாவின் கைத்தடி மேசையில் விழுந்தது. டீக்கோப்பை தரைக்குப் போனது. அவள் இடது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, கட்டைவிரலைக் கீழே திருப்பிப் பிடித்தாள். அவன் பின்வாங்கி வாசல்வரை போன பிறகும் இறக்கவில்லை. நான் சில்லுகளைக் கூட்டி அள்ளினேன்.

அடுத்த தடவை அவன் சமாதானம் பேச வந்தான். பாதி முடிந்த விளையாட்டை அவள் தொலைக்காட்சியில் மாட்டினான். "பாரு, ஏணியெல்லாம் அப்படியே வச்சிருக்கேன்." அவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவனே உட்கார்ந்து விளையாடத் தொடங்கினான்.

ஃபிரேசருக்குத் தான் செய்த விளையாட்டையே ஆட வராது. முதல் ஏணியிலேயே விழுந்தான். மறுபடி ஏறினான். எலி கடித்து மறுபடி விழுந்தான். ஷோனாவின் தோள் லேசாகத் திரும்பியது. மூன்றாவது தடவை, தாண்ட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் தாண்டினான்.

"போச்சு!" என்றாள் ஷோனா.

அவன் கை அப்படியே நின்றது.

"மறுபடியும் போச்சு! உள்ள நகரு, தடிமாடு!"

"பொடிசு," என்றான். சின்ன வயதில் அவளை அப்படித்தான் கூப்பிடுவானாம். "சொன்னியே! இன்னொரு தடவ சொல்லு. 'போச்சு'ன்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். உதடு கூடியது, நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. கண்ணில் பழைய கலவரம் வந்தது.

"கேக்காத," என்றேன். "விளையாடு."

அவன் ஆடினான், விழுந்தான். உடனே அவள் கத்தினாள்.

பிறகு சமையலறையில் என்னிடம் வந்து நின்றான். "எண்பத்து மூணுலயும் இதே கதைதான் நெட்டா. நான் வசனம் எழுதிக் குடுத்தேன். சர்ச்சுல பைபிள் வாசிக்கிற மாதிரி வாசிச்சா. ஒழிஞ்சு போடின்னு விரட்டிட்டு நானே ஆடிப் பாத்துட்டு இருந்தேன். பின்னால நின்னு கேலி பண்ணிட்டே இருந்தா. டேப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைத்தான் போட்டேன். அந்த வசனம் நான் எழுதினது இல்ல. நாப்பது வருஷமா நான் எழுதினதுன்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்ற? வசனம் அவளோடது. அவகிட்டச் சொல்லு."

சொன்னான். அவள் கேட்டுவிட்டு, 'இப்போதுதான் தெரிந்ததா' என்பதுபோல அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மேசை விளக்கின் கூண்டில் மைக்கை ஒட்டிவைத்துச் சில காலைகள் பதிவு செய்தார்கள். வேண்டுமென்றே விழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், வாயே திறக்க மாட்டாள். அதனால் ஃபிரேசர் வீட்டுக்குப் போய்த் தன்னாலேயே தாண்ட முடியாதபடி ஏணிகளை இன்னும் கடினமாக்கிக்கொண்டு வந்தான். வேர்த்து விறுவிறுத்து ஆடினான். அவள் அறை முழுக்க நடந்துகொண்டே வசைபாடினாள்.

"எருமை! எருமை!"

"ஏணியைச் சரியாத்தான் பிடிச்சேன்!"

"சில்லறை சரியா வைங்க!"

"எலி வந்துச்சுடி, நான் என்ன பண்ண?"

"போச்சு! போ, போ, போ!"

இருபது வரவில்லை. பத்துப் பன்னிரண்டு தேறியது. கரகரத்த, ஓரம் குழறுகிற, ஐம்பது வயதுக்காரியின் குரல். சிறுமியின் குரல் இல்லை. ஃபிரேசர் அதை அப்படியே மாதிரியாகப் பக்கத்தில் போட்டு, இது என் தங்கை, பேருந்து ஓட்டியவள், பக்கவாதம் வந்தவள் என்று உள்ளதை எழுதினான்.

பாதிப் பேர் கொண்டாடினார்கள். சில பேர், நாங்கள் காசு எழுதியது அந்தச் சின்னப் பெண்ணுக்கு, இந்தக் கிழவிக்கு இல்லை என்றார்கள். எழுதிய தொகையை இறுதி நாள்வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். மேலே ஏறிய எண் இறங்கத் தொடங்கியது. ஷோனா இப்போது பேருந்தைப் பார்ப்பதில்லை. அண்ணன் போனை மேசையில் நிறுத்திவைக்கச் சைகை காட்டி, அடுப்படிக்கும் அதற்கும் நடந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம் எடுத்தேன். நன்றாக இல்லை. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

கடைசி நாள் நண்பகலில் பக்கம் மூடும். அன்று காலை எண் இரண்டாவது கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

ஃபிரேசர் மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றான். "இங்க பாரு ஷோனா. கோடு தாண்டலன்னா குரல் குடுக்கணும்னு கட்டாயம் கிடையாது. உன்னை அவனுங்க கிழவி, அது இதுன்னு பேசுறது எனக்குப் பிடிக்கல. வேணாம்னா விட்டுடலாம். ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

அவன் பேச்சில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

ஷோனா நடப்பதை நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்தாள். கேசட்டை அவன் முன்னால் வைத்து அவன் பெயரைத் தட்டினாள். நெஞ்சைத் தட்டினாள். பிறகு பொத்தான்கள் வைத்த விளையாட்டுக் கைப்பிடியை எடுத்து அவன் மடியில் எறிந்தாள்.

இந்த முறை நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பேனா கேட்டான், கொடுத்தேன். அந்த அட்டையில் தன் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் நெருக்கி, 'வசனமும் குரலும்: ஷோனா டூதி' என்று எழுதினான். அவள் உற்றுப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் கீழே திருப்பினாள்.

"ஏன்? எழுத்துப் பிழையா?"

அவள் அவனுடைய பெயரைத் தட்டினாள், தன்னுடையதைத் தட்டினாள், விரலையும் கட்டைவிரலையும் அகலமாக விரித்துக் காட்டினாள்.

"அதே அளவுல எழுதுன்னு சொல்றா," என்று அவனே சொல்லிக்கொண்டான். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதினான். விரல் மேலே போனது. அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போட்டு, கோடு தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் இந்தக் குரல்தான், துணி வரைபடத்தை விட்டுவிட்டு அந்தச் செலவில் இதைச் செய்கிறேன் என்று எழுதினான்.

நண்பகல் வந்தது. விளையாட்டுக்கு வேண்டிய தொகை குறையாமல் நின்றது. இரண்டாவது கோட்டை எண் மறுபடி தொடவில்லை. குரலைப் பற்றிப் புலம்பியவர்களைவிட வரைபடம் போனதற்குத் திட்டியவர்கள் அதிகம். ஃபிரேசர் அவர்களுக்கெல்லாம் இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஷோனாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. அன்று போன் அணைந்ததும் ஜன்னலுக்குப் போனாள். மேட்டில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது, தாமதமாக.

"உள்ள நகருங்க!" என்றாள் என்னைப் பார்த்து.

"டீயா, கழிப்பறையா?"

டீ என்றபோது விரல் மேலே போனது. கெண்டியை வைத்தேன். அது கொதிக்கும்வரை அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள்.