காரியச் சமையலுக்குக் கல்யாணத் தலைப்பு

நான் கொல்கத்தாவில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். இங்குள்ள தமிழ் வீடுகளில் கல்யாணம், சீமந்தம், காரியம் என்று எது வந்தாலும் பாத்திரங்களோடு போய்விடுவேன். சமைப்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது. பேசுவதில்தான் தயக்கம். அதனால் ஆர்டர் பேசுவதெல்லாம் என் மனைவி. "என்னென்ன போடுவீங்க?" என்று யாராவது கேட்டால், இலையில் பரிமாறுகிற வரிசையிலேயே அவள் சொல்லிக்கொண்டு போவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

மகளுடைய பிரசவத்துக்காக அவள் கோயம்புத்தூர் போன குளிர்காலத்தில் ஃபோன் என் கைக்கு வந்தது. காளிகாட்டில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரும் மதுரைப் பெண் ஒருத்தி, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், என் அவஸ்தையை முதலில் கவனித்தாள்.

"அண்ணே, ஃபோன் அடிக்குது."

"அடிக்கட்டும்."

"அண்ணி வர்றதுக்குள்ள கடையை இழுத்துச் சாத்திருவீங்க போல."

மறு ஞாயிறு அவள் லாப்டாப்போடு வந்தாள். சில வாரங்களில் எனக்கு ஒரு வெப்சைட் தயாராகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு பக்கம், சீமந்தத்துக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று. என்னென்ன போடுவோம் என்பது அந்தந்தப் பக்கத்தில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். திரையின் உச்சியில் இருந்த தலைப்பும் கூடவே மாறியது: கல்யாணச் சமையல், சீமந்தச் சமையல், காரியச் சமையல்.

"யார் கேட்டாலும் அந்தப் பக்கத்து லிங்க்கை அனுப்புங்க. நீங்க பாட்டுக்குக் கரண்டியைப் பிடிங்க. ஒரு வார்த்தை பேச வேணாம்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தமிழ் படிக்க வரும், எழுத வரும், லிங்க் அனுப்பவும் சீக்கிரமே வந்துவிட்டது. அனுப்பும்போது லிங்க்குக்கு மேலே சின்னதாக ஒரு படம் சேர்ந்துகொள்ளும். மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை, பெண், அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. எந்த லிங்க்கை அனுப்பினாலும் அதே படம்தான். பில் புத்தகத்தின் மேலே கடைப் பெயர் அச்சடித்திருப்பதைப்போல இதுவும் ஒன்று என்று நினைத்து, நான் அதைப் படித்துப் பார்த்ததே இல்லை.

அந்த மாதத்தில்தான் டாலிகஞ்ச் மாமி இறந்துபோனார். மூன்றாம் மாடி ஃப்ளாட். கணவர் பேங்க்கில் பெரிய வேலையில் இருந்தவர், முன்பே காலமாகிவிட்டார். அந்த வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நான்தான் சமைத்திருக்கிறேன். மாமி என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தியதில்லை. "நீ தலையை ஆட்டினாப் போறும், நேக்குக் கேட்டுடும்" என்று சொல்லிவிட்டு, என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவருடைய பதின்மூன்றாம் நாள் சாப்பாடு என் கையால் ஆக வேண்டும் என்று, செய்தி கேட்டபோதே எனக்குத் தோன்றியது.

மாமியின் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. பதின்மூன்றாம் நாளுக்கு என்ன போடுவேன் என்பதைத் தம்பிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். நான் காரியச் சமையல் லிங்க்கை எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவரும் வந்த வேகத்தில், திறந்துகூடப் பார்க்காமல், சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும் குரூப்பில் போட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஏ கீ! என்ன இது? அம்மா போயி ஒரு வாரம் ஆகலை, 'உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு எங்கள் நல்வாழ்த்துகள்'னு ஜோடி படம் போட்டு அனுப்பறேள்? பம்பாய்ச் சித்தி, யாருக்குக் கல்யாணம்னு கேக்கறா. பாட்னா அத்தை, 'துக்கம் நடந்த வருஷத்துக்குள்ள பண்ணிடறது நல்லதுதான், பொண்ணு பெங்காலியா?'ன்னு எழுதறா. நான் என்ன பதில் சொல்ல? நீங்க வர வேண்டாம். வேற ஆள் பாத்துக்கறோம்."

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. மாமிக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

அப்போதுதான் அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. லிங்க்கைத் தட்டித் திறந்தால் உள்ளே காரியச் சமையல், படம் எதுவும் இல்லாத வெறும் பக்கம். ஆபீசில் இருந்த மதுரைப் பெண்ணை ஃபோனில் கூப்பிட்டேன்.

"ஐயோ அண்ணே," என்றாள். "நான் திறந்து திறந்துதான் பார்த்தேன், அனுப்பிப் பார்க்கலை. அங்க பக்கம்னு தனித்தனியா ஒண்ணும் கிடையாது. போட்டோ ஃப்ரேம் மாதிரி ஒரே சட்டம், அதுக்குள்ள துண்டு துண்டா மாத்தி மாட்டுறோம். துண்டு வந்து உக்காந்த பெறகுதான் தன் தலைப்பை மேல எழுதும். லிங்க்கை அனுப்பினா, வாட்ஸப் அதுவரைக்கும் நிக்காது. வாசல்லயே எட்டிப் பார்த்துட்டு, சட்டத்துல முதல்ல எழுதி வச்சிருக்கிற தலைப்பையும் படத்தையும் எடுத்துட்டுப் போயிரும். அதுல நான் கல்யாணத்தைத்தான் எழுதியிருந்தேன்."

"சரி பண்ண முடியுமா?"

"ராத்திரியே பண்றேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதோட தலைப்பை முன்னாடியே எழுதி அனுப்புற மாதிரி மாத்திடலாம். ஆனா அந்தக் குரூப்ல போனது போனதுதான். நான் வேணா அவங்ககிட்டப் பேசட்டுமா அண்ணே?"

பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவிக்கு ஃபோன் போட்டுச் சொல்லச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு மெட்ரோவுக்குப் போனேன். காளிகாட்டிலிருந்து டாலிகஞ்ச் பக்கம்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் மகன். மாமியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான் வர வேண்டாம்னேனே."

"லிங்க்கைத் திறந்தா சரியா இருக்கு சார். மேல வர்ற தலைப்பு மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணாவே வந்திருக்கு. இன்னிக்கு மாத்திடறாங்க. வேணும்னு யாரும் அனுப்பலை." அடுக்கி வைத்திருந்தது அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

உள்ளேயிருந்து மகள் வந்தார். "தீதி, நீயே பேசு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மகன் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"அத்தை கேட்டதுக்குப் பதில் போட்டியாடா?" என்றார் மகள்.

"என்னன்னு போடறது?"

"பொண்ணு பெங்காலி இல்லை, இன்னும் பொறக்கவே இல்லைன்னு போடு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் நிற்கவில்லை. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு மகள் என் பக்கம் திரும்பினார். "லிங்க் இருக்கட்டும். நீங்களே சொல்லுங்கோ. என்னென்ன போடுவேள்?"

கையில் காய் இல்லை, கத்தி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். "சேனை வறுவல், வாழைக்காய்க் கறி, பூசணிக்காய் மோர்க்குழம்பு. மோர்க்குழம்புக்கு மாமி தேங்காய் கம்மியா, சீரகம் தூக்கலாக் கேப்பாங்க, அப்படியே பண்றேன். மிளகு ரசம். ஆமவடை. பாயசம் சர்க்கரையில வேண்டாம்மா. குளிர் இன்னும் முடியலை, நொலேன் குர் கிடைக்கும். அந்த ஈச்ச வெல்லத்துல பண்ணினாத்தான் மாமி ரெண்டாந்தரம் வாங்குவாங்க."

நானே ஒரே மூச்சில் இவ்வளவு பேசியிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

"குர் நான் வாங்கி வெக்கறேன்," என்றார் மகன். "அம்மாவுக்கு வருஷா வருஷம் வாங்கற கடை ஒண்ணு இருக்கு. நீங்க வேற எங்கேயும் வாங்காதேங்கோ."

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். எனக்கு மிகவும் வசதியான வழக்கம். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினேன்.

மறுநாள் காலை மதுரைப் பெண் தன் ஃபோனுக்கு மூன்று லிங்க்கையும் அனுப்பச் சொன்னாள். ஒவ்வொன்றும் தனித்தனித் தலைப்போடு போயிற்று. காரியத்துக்குப் படம் வேண்டாம் என்று எடுத்துவிட்டிருந்தாள். இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைப்பைப் படித்த பிறகுதான் அனுப்புகிறேன்.

பதின்மூன்றாம் நாள் சமையல் நன்றாக அமைந்தது. அந்த வெல்லம் நல்ல வெல்லம். பாயசத்தைப் பரிமாறும்போது மகன் ஒருமுறை வாங்கினார், பிறகு இலையைப் பார்த்தபடியே இன்னொரு முறை வேண்டும் என்று கை காட்டினார். எல்லாம் முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, பழக்கத்தில் பேசாமல் படியிறங்கினேன். மேலேயிருந்து மகள் கூப்பிட்டார்.

"இன்னியோட எல்லாம் ஆயாச்சு. இன்னிக்குச் சொல்லிண்டு போகலாம்."

நான் நின்று, திரும்பி, மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"போயிட்டு வரேம்மா."