முதல் வளைவில் என்னை இடித்தவன்

விர்ரென்று மேசை முழுவதும் நடுங்கும்... நான் ஓட்டும் கார் புல்தரைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டியரிங்கைப் பிடித்த கை மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போகும். கூடவே சூடான பிளாஸ்டிக் வாசனை.

ஊரடங்கு முடிந்து, கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கம் டிரைவிங் ஸ்கூல்கள் மறுபடி திறந்த சமயம். என் கணவர் பிஜு, கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்ட மேசையில் மாட்டும் ஒரு பழைய ஸ்டியரிங் செட் வாங்கி வந்தார். கீழே இரண்டு பெடல். ரெண்டு நாள் ஓட்டினார், தலைசுற்றியது, விட்டுவிட்டார்.

நான் பிடித்துக்கொண்டேன்.

காலையில் டிரைவிங் ஸ்கூலில் நிஜக் கார். சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டர் கார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு மத்தியானம் ஆன்லைனில் ரேஸ் நடத்துவார்கள். நானும் சேர்ந்தேன். முதல் நாள், முதல் வளைவு... பின்னாலிருந்து ஒரு இடி. சுழன்றுபோய்க் கடைசியாக வந்தேன்.

அடுத்த வாரமும் இடி. அதே கார். ஷாஜின்.

ஷாஜின், பிஜுவின் சித்தி மகன். வெள்ளறடையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவனும் என்னைப்போலப் புதுசு. அதனால் இரண்டு பேருக்கும் கடைசி வரிசைதான். எங்கள் வீட்டு ஸ்டியரிங் செட்டை முதலில் கேட்டு வைத்திருந்தது அவன். பிஜு முந்திக்கொண்டார். அந்தக் கோபத்தைத்தான் என் காரில் காட்டுகிறான் என்று தோன்றியது.

தோன்றியது, போகப் போக உறுதியாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தான்... அந்தச் சிரிப்பும் சரியில்லை. பிஜு போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால், அவனோடுதானோ என்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

"யாருக்க கிட்ட பேசினிய?"

"மாமனுக்க கிட்ட ஆக்கும். என்னட்டி, உனக்கு கிறுக்கு பிடிச்சுப்போச்சா?"

மூன்றாவது வாரமும் இடித்தான். ரேஸ் முடிந்ததும் எல்லாரும் கேட்கும்படி மைக்கிலேயே சொன்னேன், வேண்டுமென்றே இடிக்கிறான் என்று. பின்னால் வந்து இடிப்பவன்மேல்தான் தப்பு, அது விதி. ஒரு மாசம் ஓட்டக்கூடாது என்றார் அட்மின். ஷாஜின் மைக்கை அணைத்தான். குரூப்பை விட்டே போய்விட்டான்.

ஞாயிறு சர்ச் விட்டதும் ஷாஜினின் அம்மா, பிஜுவின் சித்தி, எனக்குப் போன் பண்ணுவது வழக்கம். அதுவும் நின்றது.

"நேரெ போய் அவனட்ட கேளு. நான் நடுவுல நிக்க மாட்டேன்" என்றார் பிஜு.

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளறடைக்கு பஸ் ஏறினேன். கடையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"மைனி வந்தது நல்லதாச்சு. எனக்கும் ஒண்ணு கேக்க உண்டு. நேர் ரோட்டுல என்னத்துக்கு பிரேக் பிடிக்கிய?"

"நானா? நான் பிரேக்கே பிடிக்கல்ல!"

கடைக் கம்ப்யூட்டரில் அந்த ரேஸின் பதிவைப் போட்டான். அவன் சீட்டிலிருந்து தெரியும் காட்சி. முன்னால் என் கார்... பின்பக்கம் ரெண்டு சிவப்பு லைட். புறப்பட்ட இடத்திலிருந்து வளைவு வரைக்கும் அணையவே இல்லை.

"பாத்தியளா? லைட்டு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. நிங்க உள்ளபடியே எப்ப நிறுத்துவியண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவிங் ஸ்கூலில் இடது கால் எப்போதும் கிளச்மேல். வீட்டுப் பெடலில் கிளச் கிடையாது. இடது பக்கம் இருப்பது பிரேக். மூன்று வாரமும் அதன்மேல் காலை லேசாக வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

சொன்னேன். சொல்லும்போதே முகம் சூடாகிவிட்டது.

ஷாஜின் உடனே சிரிக்கவில்லை. "நானும் சம்சயிச்சேன் மைனி... என்னெ வெளிய ஆக்க பிஜு அண்ணன் சொல்லித் தந்து, நிங்க வேணும்னே பிடிக்கியண்ணு."

"நீ அந்த ஸ்டியரிங் கிட்டாத்த கோவத்துல இடிக்கண்ணு நான்..."

"அய்யோ, அது நான் அடுத்த வாரமே வேற வாங்கியாச்சே!"

அப்புறம்தான் இரண்டு பேரும் சிரித்தோம். டீ வரவழைத்தான்.

அன்றைக்கே குரூப்பில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். தடையை எடுத்து, அவனை மறுபடி சேர்த்தார்கள். மறுநாள் இடது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதல் வளைவில் இடி இல்லை. உள்பக்கமாக வந்து, உரசாமல் என்னை முந்திப் போனான் ஷாஜின். முந்திவிட்டானே என்ற வருத்தம் துளியும் இல்லை. சாயங்காலம் சித்தியின் போன் வந்தது.

இப்போது ஷாஜின் துபாயில். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்து வருஷங்கள் ஆகின்றன. நான் இன்னும் ஓட்டுகிறேன், எந்த ஊர் என்றே தெரியாத ஆட்களோடு. இடி விழத்தான் செய்கிறது, வேண்டுமென்றேதானோ என்ற சந்தேகமும் வரத்தான் செய்கிறது. புகார் கொடுக்கத் திரையில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் முடிந்தது, அடுத்த ரேஸ்.

அப்போதெல்லாம் இடித்தவனிடம் ஏன் என்று கேட்க, ஒரு பஸ் ஏறினால் போதும்...